பேழையும் பெட்டியும்



எபிரேய மொழியில் 'தேவா' என்றொரு சொல் உண்டு. தமிழ்ச் செவிக்கு அது இறைவனை விளிப்பதுபோல் ஒலிக்கும். ஆயினும் இரண்டுக்கும் உறவில்லை. மூடிய பெட்டி என்பதே அதன் பொருள். எபிரேய வேதநூல் முழுவதிலும் இச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, ஊழி வெள்ளத்தில் நோவா ஏறிய மரக்கலம். மற்றொன்று, நைல் ஆற்றங்கரை நாணலிடையே குழந்தை மோசேயை வைத்த சிறு கூடை. 300 முழ நீளமுள்ள பெருங்கலத்துக்கும் ஒரு தாய் கையால் கீல் பூசிய கூடைக்கும் ஒரே பெயர்! கப்பல் என்பதற்கு எபிரேயத்தில் வேறு சொல் இருந்தும் நூலாசிரியர் அதை நாடவில்லை. நோவாவின் கலத்துக்குச் சுக்கான் கூறப்படவில்லை. பாயும் இல்லை, துடுப்பும் இல்லை. கூடையும் அவ்வாறே. உள்ளிருப்பவர் செலுத்தக்கூடிய கலமன்று, நீர் கொண்டுசெல்லும் கலம் என்பதையே அச்சொல் உணர்த்துகிறது. கவிஞர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று செல்வது நன்று.

வெள்ளக் கதை எபிரேயர்க்கே உரியதன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித், நினிவே நகரத்து நூலகத்தில் கிடைத்த களிமண் பலகைகளிடையே ஒரு வெள்ளக் கதையைப் படித்தறிந்து 1872ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். கில்கமேஷ் காவியத்தின் 11ஆம் பலகை அது. அங்கும் ஒரு கலம், அங்கும் ஒரு மலை, புறாவும் காக்கையினப் பறவையும் வெளியே விடப்படுதல், வெள்ளம் வடிந்தபின் வேள்வி. 2014இல் இர்விங் பின்கெல் வெளியிட்ட மற்றொரு பாபிலோனியப் பலகையோ கலத்தின் வடிவம் வட்டம் என்கிறது. காவிரிக் கரையினர் அறிந்த பரிசலைப் பன்மடங்கு பெரிதாக்கினாற்போல! எபிரேயர் இக்கதையைக் கிழக்கிலிருந்து பெற்றனர் என்பதில் இன்று அறிஞரிடையே பெரும் ஐயமில்லை. பெற்றதைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இலக்கியக்காரர் கேட்கவேண்டிய கேள்வி.

பாபிலோனிய மரபின் அத்ராகசிஸ் கதையில் மனிதரின் இரைச்சல் பொறாது, உறக்கம் கெட்ட தெய்வம் வெள்ளத்தை ஏவுகிறது. எபிரேயக் கதையில் காரணம் கொடுமை. மண்ணை நிறைத்த வன்செயல். கில்கமேஷ் காவியத்தில், வெள்ளம் வடிந்தபின் தாய்த்தெய்வம் தன் கழுத்தின் நீலமணி மாலையைத் தொட்டு, இந்நாட்களை மறவேன் என்று உறுதி கூறுகிறாள். எபிரேயன் அந்த மாலையை எடுத்துவிட்டு வானில் வில்லை வைத்தான். 'கேஷெத்' என்னும் அச்சொல் போர்வில்லையும் குறிக்கும், வானவில்லையும் குறிக்கும். தமிழிலும் அது வில்லே ஆதலின் விளக்கம் வேண்டியதில்லை. போர் ஓய்ந்து மாட்டிவைத்த படைக்கலம் அது. அதைக் கண்டு நினைவுகூர வேண்டியவன் மனிதனும் அல்லன். இறைவனே தனக்கு நினைவூட்டலாக அதை வைத்துக்கொள்கிறான். அவ்வுடன்படிக்கை மனிதரோடு மட்டுமன்றிக் கலத்திலிருந்து வெளிவந்த எல்லா உயிரோடும் செய்யப்பட்டது. கைம்மாறாக எதுவும் கேட்கப்படவும் இல்லை.

உடன்படிக்கையைச் 'செய்தல்' என எபிரேயர் கூறுவதில்லை; 'வெட்டுதல்' என்பர். ஆபிரகாமின் கதையில் கிடாரியும் வெள்ளாடும் செம்மறிக் கடாவும் இரண்டாகப் பிளக்கப்பட்டு எதிரெதிரே வைக்கப்படுகின்றன. வாக்குத் தவறின் எனக்கும் இக்கதி நேர்க என்பதே பிளவுகளுக்கு நடுவே நடப்பதன் பொருள் என்பதை எரேமியாவின் நூல் புலப்படுத்துகிறது. ஆபிரகாமின் இரவில் நடுவே கடந்தது புகையும் சூளையும் தீப்பந்தமும் மட்டுமே. ஆபிரகாம் நடக்கவில்லை. அவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

இனி, பெட்டி. சீனாய் மலையில் பெற்ற கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டிக்கு எபிரேயத்தில் 'அரோன்' என்று பெயர். நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம்; வேல மரத்தால் ஆகி உள்ளும் புறமும் பொன் வேய்ந்தது. அதைச் சுமக்கும் தண்டுகளை ஒருபோதும் கழற்றலாகாது என்பது விதி. ஓரிடத்தில் நிலைத்துவிடாத புனிதம் என்று கொள்ளலாம். எகிப்தில் மாண்ட யோசேப்பின் உடலைக் கிடத்திய பெட்டிக்கும் இதே 'அரோன்' என்னும் பெயரே. மோசே புறப்படுகையில் யோசேப்பின் எலும்புகளை உடன் கொண்டுசென்றான் என வேதம் கூறும். தல்மூத் ஆசிரியர்கள் இதிலிருந்து ஒரு காட்சியையே அமைத்தார்கள். பாலைவனத்தில் இரு பெட்டிகள் அருகருகே செல்கின்றன. வழிப்போக்கர் வியந்து, இவை யாவை என்கின்றனர். ஒன்று இறந்தவனுடையது, மற்றது இறைவனுடையது என்று விடை வருகிறது. பிணம் தெய்வத்தோடு செல்வது முறையோ என்று மீண்டும் கேட்கின்றனர். இந்தப் பெட்டியில் கிடப்பவன், அந்தப் பெட்டியில் எழுதியுள்ளதை வாழ்ந்து முடித்தவன் என்பது மறுமொழி.

தல்மூத்தில் வரும் இன்னொரு செய்தி இதனினும் நுட்பமானது. பொற்கன்றைக் கண்டு சினந்த மோசே முதற் பலகைகளை உடைத்தான் அல்லவா? அச்சில்லுகள் எறியப்படவில்லை, முழுப் பலகைகளோடு அதே பெட்டியில் வைக்கப்பட்டன. முதுமையால் தன் கல்வியை மறந்துபோன அறிஞனை இகழாதே என்பதற்கு ஆசிரியர்கள் இதனையே சான்றாகக் காட்டினர்.

பெட்டி மறைந்தது. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேம் கோவிலை எரித்தனர். அவர்கள் கவர்ந்து சென்ற பொருள்களை வேதநூல் வெண்கலச் சட்டிகள் வரை எண்ணிச் சொல்கிறது. பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எரேமியா அதை நேபோ மலைக் குகையில் ஒளித்தார் என மக்கபேயர் இரண்டாம் நூல் கூறும். எத்தியோப்பியர் தம் அக்சும் நகரில் அது உள்ளதென நம்புகின்றனர். காவல் துறவியைத் தவிர எவரும் காண அனுமதியில்லை. அராராத்தில் நோவாவின் மரக்கட்டையைத் தேடுவோர் தனி இனம். வேதம் கூறுவது அராராத்து மலைகள் எனப் பன்மையில். அது ஒரு நாட்டின் பெயர், ஒரு சிகரத்தின் பெயரன்று. இதை அறிந்தால் பாதிப் பயணங்கள் தொடங்கியே இரா!

இரண்டாம் கோவில் எழுந்தபோது கருவறையில் வைக்க ஒன்றுமில்லை. மூன்று விரல் உயரமுள்ள ஒரு கல் மட்டுமே அங்கிருந்தது என்கிறது மிஷ்னா. ஆண்டுக்கொருமுறை தலைமைக் குரு அதன்மேல் தூபக்கலசத்தை வைத்துத் திரும்புவார். கி.மு. 63இல் உரோமத் தளபதி பாம்பே உள்ளே புகுந்து கண்டதும் வெறுமையே. கி.பி. 70இல் அக்கோவிலும் அழிந்தது. உரோம் நகரில் தீத்துவின் வெற்றி வளைவில் ஏழுகிளை விளக்கும் மேசையும் எக்காளங்களும் இன்றும் சிற்பமாக நிற்கின்றன. பெட்டி அதில் இல்லை. தூக்கிச் செல்ல எதுவும் இருக்கவில்லை.

இழந்தவர்கள் என் செய்தனர்? பாபிலோனியச் சிறையிருப்பின் காலத்தில், ஏசாயா நூலின் பிற்பகுதியைப் பாடிய பெயரறியாப் புலவன் நோவாவின் வெள்ளத்தை எடுத்தாண்டான். வெள்ளத்தின் பின் இட்ட ஆணையைப் போன்றதே நாடிழந்தார்க்கு இப்போது இடும் ஆணையும் என்று அவன் இறைவன் வாயில் வைத்துப் பேசினான். பகைவர் நாட்டிலிருந்து வந்த கதை, பகைவர் நாட்டில் சிறையிருந்தவர்க்கு ஆறுதலாயிற்று. நோவாவோ, வெள்ளம் முடியும்வரை வாய் திறந்ததாகவே வேதத்தில் இல்லை. அழியப்போகும் மக்களுக்காக அவன் ஒரு சொல்லும் மன்றாடவில்லை என்று பிற்கால உரைகாரர் அவனைக் குறை கூறுவர். ஆபிரகாம் சோதோமுக்காக வாதாடியவன் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

'தேவா' என்னும் சொல் பிற்காலத்தில் இரு புதுப்பொருள் கொண்டது. ஒன்று, 'எழுதிய சொல்' என்பது. பேழைக்குள் செல் என்ற ஆணையைச் சொல்லுக்குள் செல் என்று வாசிக்கும் விளக்கம், 18ஆம் நூற்றாண்டின் பால் ஷெம் தோவ் பெயரால் வழங்குகிறது. மற்றொன்று, தொழுகைக் கூடத்தில் தோராச் சுருள்களை வைக்கும் பெட்டி. மழை பொய்த்த காலத்து நோன்பில் அப்பெட்டியை என்ன செய்யவேண்டும் என்பதை மிஷ்னா வகுத்துள்ளது. வெள்ளத்தில் மிதந்த கலத்தின் பெயரைத் தாங்கிய அதனை ஊர் நடுத்தெருவுக்குச் சுமந்து வருவார்கள். அதன்மேல் சாம்பல் இடுவார்கள். முதலில் பெரியவர் ஒருவர் மனம் நெகிழும் சொற்களைக் கூறுவார். பின்பு வழிபாட்டை நடத்த அதன் முன் நிறுத்தப்படுபவர் முதியவராகவும் பயிற்சியுடையவராகவும் இருத்தல் வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இருக்கவேண்டும். வீடு வெறுமையாக இருக்கவேண்டும்.