ஒளி செல்லும் வழி: குறுகியதா, உறுதியானதா?



தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே நடப்போர், நெரிசல் மிகுந்தால் பக்கத்துத் தெருவில் திரும்புவர். தொலைவு கூடினும் விரைந்து சேர்வர். ஒளியால் செய்தி அனுப்பும் வலையமைப்பிலும் இதே வினா எழுகின்றது.

கம்பியில்லா ஒளித்தொடர்பு புதியதன்று. 1880ஆம் ஆண்டில் கிரகாம் பெல் சூரிய ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி, ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவுக்கு அனுப்பினார். இன்று லேசர்க் கற்றை கூரைக்குக் கூரை செய்தி கொண்டு செல்கின்றது. தெருவைத் தோண்டி ஒளியிழை பதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் வானிலை அதற்குப் பகை. மழைத்துளியும் புகைத்துகளும் ஒளியைச் சிதறடிக்கும். சிங்கப்பூரில் கனமழை வழக்கமானது. புகைமூட்டமோ, 2013 ஜூன் 21ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 401 வரை உயர்த்தியது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். லிட்டில் இந்தியாவின் கூரையொன்றிலிருந்து நகரின் மேற்கிலுள்ள கூரைக்கு நேர் இணைப்பு உண்டு. அதில் 100 செய்திகளுள் 90 சேரும். இடையிலுள்ள மற்றொரு கூரையில் இறங்கிச் செல்லும் வழியும் உண்டு. அதன் ஒவ்வொரு தாவலிலும் 100க்கு 98 சேரும். இரண்டையும் பெருக்கினால் 96க்குச் சற்று மேல். தொலைவு கூடக்கூட ஒளியிழப்பு பன்மடங்காகப் பெருகுவதால், இரு சிறு தாவல்கள் ஒரு நெடுந்தாவலை வெல்லக்கூடும்.

இங்கே பள்ளிக் கணிதம் துணைக்கு வருகின்றது. நிகழ்தகவின் மடக்கையை எதிர்க்குறியுடன் எடுத்து, அதனையே இணைப்பின் 'நீளம்' எனக் கொண்டால், பெருக்கல் கூட்டலாக மாறும். உறுதியான வழியைத் தேடுவது குறுகிய வழியைத் தேடுவதாகிவிடும். டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையே அதற்குப் போதும்.

ஆனால் இந்நீளங்கள் நிலையானவையல்ல. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வீசும் மழைக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக நகரும். மேற்குக் கூரையில் ஒளி மங்கும்போதே கிழக்கு இணைப்புகளுக்கு மாற்றுவழி வகுக்கலாம். அதேவேளை, ஒவ்வொரு சிறு மங்கலுக்கும் வழி மாற்றினால், மாறும் கணத்திலேயே செய்திகள் தவறும். ஆதலின் விலகுவதற்கு ஓர் எல்லையும், திரும்புவதற்கு அதனினும் உயர்ந்த எல்லையும் வகுப்பர். மருத்துவமனைக்குச் செல்லும் அவசரச் செய்தியை எண்ணுங்கள். வேகத்தினும் சென்று சேர்தலே அதற்கு முதன்மை.

இணைப்பு, தாவல், நிகழ்தகவு, மடக்கை ஆகிய சொற்கள் யாவும் தமிழில் உள்ளவை. இச்சிக்கலை வகுப்பறையில் தமிழிலேயே வரைந்து, கணித்து, விவாதிக்குமாறு வேண்டி விடைபெறுகிறேன்.