நிக்கல் தகடு ஏன் தளர்கிறது?

கேமராவில் போடும் நிக்கல் ரீசார்ஜ் பேட்டரி, வாங்கிய புதிதில் வாரக்கணக்கில் வந்தது. இப்போது இரண்டே நாளில் படுத்துவிடுகிறது. உள்ளே இருந்த பொருள் தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. மின்சாரம்தான் அதை எட்டுவதில்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு பழைய நிக்கல் செல்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நீங்கள் இதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் காரக் கரைசல் கண்ணைப் பறித்துவிடும். பிரித்தால், நேர்மின் தகடு உப்பியிருக்கும். கரைசலில் ஊறியிருக்க வேண்டிய இடைத்துணி வறண்டு கிடக்கும்.

தகட்டில் இருப்பது நிக்கல் ஹைட்ராக்சைடு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை விடும். இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால், அதன் படிக அடுக்குகளுக்கு இடையே நீரும் பொட்டாசியமும் புகுந்து, காமா என்கிற வடிவமாக மாறும். பருமன் 40 சதவீதம் வரைகூடப் பெருகும். உப்பிய தகடு துணியிலுள்ள கரைசலையும் உறிஞ்சிக்கொள்ளும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்ட சுவரில் காரை பெயர்வதுபோல, துகள்கள் மின்சாரம் கொண்டுவரும் உலோகப் பிடியிலிருந்து விலகுகின்றன. நிக்கல் ஹைட்ராக்சைடு தானாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. எனவே விலகிய துகள் வீண்தான்.

இதே சிக்கலைப் பற்றிய, எனக்கு மிகப் பிடித்த கதைக்கு வருகிறேன். எடிசன் 1900களின் தொடக்கத்தில் மின்சாரக் கார்களுக்காக நிக்கல்-இரும்பு பேட்டரியை விற்பனைக்கு விட்டார். மின்சாரம் கடத்துவதற்குக் கிராஃபைட் கலந்திருந்தார். செல்கள் கசிந்தன, கொள்ளளவும் சரிந்தது. தயாரிப்பையே நிறுத்திவிட்டு மறுபடி ஆராய்ச்சியில் இறங்கினார். 1909 வாக்கில் வந்த புது செல்லில், துளையிட்ட எஃகுக் குழாய்க்குள் நிக்கல் ஹைட்ராக்சைடு ஓர் அடுக்கு, நிக்கல் செதில் ஓர் அடுக்கு என்று நூற்றுக்கணக்கில் அடைத்தார். உப்பினாலும் பிளக்காதபடி குழாயைச் சுற்றி எஃகு வளையங்கள்! அந்தச் செதில் எப்படி வந்தது தெரியுமா? செம்பும் நிக்கலும் மாறி மாறி முலாம் பூசி, செம்பை மட்டும் கரைத்து எடுத்தார்கள். என்ன பொறுமை பாருங்கள்!

இன்று அந்தச் செதிலின் வேலையைக் கோபால்ட் பூச்சு செய்கிறது. சிறிதளவு துத்தநாகம் உப்பலைக் குறைக்கிறது. எதிர்மின் தகட்டில் இருக்கும் உலோகக் கலவையும் விரிசல் விட்டுத் தூளாகும், அரிக்கும். அதை விரிக்க இன்று நேரமில்லை.

சார்ஜ் நிறைந்ததும் தானே நிற்கும் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். பேட்டரியைச் சூடாக விடாதீர்கள். உங்கள் வீட்டு நிக்கல் பேட்டரிகள் நீண்ட காலம் உழைக்கட்டும்.