நாற்பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்த ஒலி
(பிரெஞ்சு, போலந்து மொழிநூலறிஞர்தம் கூட்டாய்வு பற்றிய உரை)



அகப்பை என்னும் சொல்லைத் தமிழர்தம் அடுக்களையில் ஆப்பை என்று வழங்குகின்றனர். பெயர் என்பது பேர் ஆகின்றது. பகுதி என்பது பாதி ஆகின்றது. இடைநின்ற ஒலி தேய்ந்து மறைய, அதற்கு முன்னின்ற குறில் நெடிலாகி அவ்விடத்தை நிரப்பிக் கொள்கின்றது. பழைய வடிவமும் உடன் வழங்குவதால், மறைந்தது இன்ன ஒலியென்று பள்ளிச் சிறுவனும் கூறிவிடுவான். ஆயின் அகப்பை என்னும் வடிவம் எவர் வாயிலும் எவ்வேட்டிலும் இல்லாமற் போயிருப்பின் என்னாகும்? ஆப்பை என்னும் நெடிலொன்றை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு, "இந்நெடிலுள் ஓர் ஒலி புதைந்து கிடக்கின்றது" என்று ஒருவன் கூறின், அவனை எவர் நம்புவர்?

அங்ஙனம் கூறினார் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் கூற்றைப் பெரும்பாலோர் நம்பினாரல்லர். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் சென்றபின், போலந்து நாட்டு இளைஞர் ஒருவர் அதனை மெய்ப்பித்தார். அவ்விருவர்க்கும் நடுவே பாரிசு நகரத்து வகுப்பறை ஒன்று இருந்தது. அதனைச் சொல்லுதலே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் போலந்தின் நிலையை உணர்தல் வேண்டும். 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு நிலப்படத்தில் இல்லை. உருசியா, பிரசியா, ஆத்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதனைக் கூறுபோட்டு விழுங்கியிருந்தன. உருசியர் ஆண்ட பகுதியில் பள்ளிகளினின்று போலந்து மொழி படிப்படியாக வெளியேற்றப்பட்டது. வார்சாவில் போலந்து மொழியில் கற்பித்து வந்த உயர்கல்வி நிலையம் 1869இல் மூடப்பெற்று, அவ்விடத்தில் உருசிய மொழிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மொழியைப் பறித்தால் நாட்டு நினைவும் தானே போகும் என்பது ஆள்வோர் கணக்கு. அக்கணக்கு எங்கும் ஒன்றே போலும்!

மூடப்பெற்ற அந்நிலையத்தில் முன்பே கற்றுத் தேறியவர்தாம் யான் போதுவான் தெ கூர்த்தனே. 1845இல் வார்சாவை அடுத்த இராதிமின் என்னும் ஊரில் பிறந்தவர். பெயரே கூறுவதுபோல் அவர்தம் முன்னோர் பிரெஞ்சு நாட்டினின்று வந்த குடியினர். அவரோ உள்ளத்தால் போலந்தினர். தம் நாட்டில் இடமின்மையின் உருசியாவில் வால்கா ஆற்றங்கரையிலுள்ள கசான் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆங்கு அவரிடம் வந்து சேர்ந்தவர் மிக்கோலாய் குருசெவ்சுகி என்னும் மற்றொரு போலந்து அறிஞர். முப்பத்தாறாம் அகவையில், 1887இல் மறைந்துபோனவர்.

ஒலியன் என்று தமிழில் இன்று வழங்குகின்றோமே, அக்கருத்தின் பிறப்பு இவ்விரு நாட்டார்க்கும் பொதுவானது. அதற்குரிய பிரெஞ்சுச் சொல் 1873இல் பாரிசு மொழிநூற் கழகத்தில் முதன்முதல் முன்வைக்கப்பட்டபோது, பேச்சொலி என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அச்சொல்லை எடுத்து, வாயில் எழும் ஒலிக்கும் மொழியமைப்பில் பொருளை வேறுபடுத்தும் அலகுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட ஆண்டவர்கள் கசானில் இருந்த இப்போலந்தினர் இருவருமே. சொல் பாரிசினது, பொருள் போலந்தினரது. (எழுத்து என்னும் ஒரு சொல்லால் தொல்காப்பியர் ஆண்ட நுண்மையை நினைவார்க்கு இக்கருத்து அத்துணைப் புதுமையாய்த் தோன்றாது, அது வேறு உரைக்குரிய பொருள்.)

1881ஆம் ஆண்டின் இறுதியில் போதுவான் பாரிசுக்குச் சென்று, மொழிநூற் கழகக் கூட்டங்களில் கலந்துகொண்டார். அவ்வவையில் இருபத்துநான்கு அகவை இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே பெர்தினான் தெ சசூர். அவர் பிறப்பால் பிரெஞ்சு நாட்டினர் அல்லர். சுவிட்சர்லாந்தின் செனீவா நகரத்தவர். ஆயினும் 1881 முதல் 1891 வரை பாரிசில் கற்பித்து, பிரெஞ்சு மொழிநூற் பள்ளியை உருவாக்கியவருள் அவர் தலையாயவர். பிற்காலத்தே, தாம் வெளியிடாத குறிப்பொன்றில், மொழி பற்றிய கொள்கையை மற்றெவரினும் மிக நெருங்கியவர்கள் போதுவானும் குருசெவ்சுகியுமே என்றும், அவர்களை மேற்கத்திய அறிஞருட் பெரும்பாலோர் அறியார் என்றும் சசூர் எழுதி வைத்தார். நாடில்லாதவன் அறிவும் நெடுந்தொலைவு கேட்பதில்லை.

இனி, மறைந்த ஒலிக்கு வருவோம். 1878 இறுதியில் சசூர் ஒரு நூல் வெளியிட்டார். அகவை இருபத்தொன்று. இந்தோ-ஐரோப்பிய முதுமொழியின் உயிரொலிகளைப் பற்றியது அந்நூல். அம்மொழியின் வேர்ச்சொற்கள் பலவற்றில் எகரத்தை அடுத்து ஓர் ஒலி நிற்கும். எகரம் நீங்குங்கால் அவ்வொலி மட்டும் எஞ்சும். நெடில் பெற்ற வேர்கள் மட்டும் இவ்வொழுங்கிற்கு அடங்காமல் நின்றன. சசூர் அந்நெடில்களைப் பிளந்தார். அவை பிறப்பிலேயே நெடில் அல்ல. குறிலும் அதனை அடுத்து நின்று பின் மறைந்த ஓர் ஒலியும் சேர்ந்து விளைந்தவை என்றார். அவ்வாறு கொண்டால் எல்லா வேர்களும் ஒரே ஒழுங்கில் வந்து நிற்கின்றன. அத்தகைய ஒலிகள் இரண்டு எனக் கொண்டார். டென்மார்க்கு அறிஞர் மொல்லர் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தார். பிரெஞ்சு அறிஞர் ஆல்பெர் கியூனி அவை மெய்யொலிகளே என 1912இல் வழக்காடினார்.

ஆயின் சான்று எங்கே? வடமொழியில் அவ்வொலி இல்லை; கிரேக்கத்தில் இல்லை; இலத்தீனிலும் இல்லை. செருமானிய மொழிநூலார் பெரும்பாலும் இதனைக் கணக்குப் பிள்ளையின் கற்பனையாக ஒதுக்கினர். காதாற் கேட்கவோ ஏட்டிற் காணவோ இயலாத ஒலியை எங்ஙனம் ஏற்பது என்பது அவர்தம் வினா. வினாவில் தவறில்லை. சசூர் 1913இல் மறைந்தார். தாம் கூறியது மெய்யா பொய்யா என்று அறியாமலேயே மறைந்தார்.

அவர் மறைந்த ஈராண்டில் மண் வாய் திறந்தது. துருக்கி நாட்டின் போகாசுகோய் என்னுமிடத்தில் 1906 முதல் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. ஆப்பெழுத்தில் பொறிக்கப்பட்டவை. கி.மு. 1200ஐ ஒட்டி அழிந்துபோன இட்டைட்டுப் பேரரசின் ஆவணங்கள் அவை. அம்மொழி இந்தோ-ஐரோப்பிய இனத்தது என்பதைச் செக்கு நாட்டு அறிஞர் குரோசுனி 1915இல் அறிவித்தார். அம்மொழியில் அடித்தொண்டையில் உரசி எழும் ஒலியொன்று மிகுதியாகப் பயின்று வந்தது. அஃது எங்கிருந்து வந்ததென்று எவர்க்கும் விளங்கவில்லை.

இந்நிலையிற்றான் யெழி குரிவோவிச்சு வருகின்றார். 1895இல், அன்று ஆத்திரியர் ஆட்சியிலிருந்து இன்று உக்ரைனில் உள்ள சுதானிசுவாவூவ் நகரில் பிறந்தவர். போலந்து விடுதலை பெற்றபின், இலிவோவ் பல்கலைக்கழகத்தில் தேறி, பாரிசுக்குச் சென்று அந்துவான் மெய்யேயிடமும் வாந்திரியேசிடமும் பயின்றார். மெய்யே சசூரின் நேர் மாணாக்கர். தம் இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் நூலை 1903இல், சசூர் நூல் வெளிவந்த இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக அவர்க்கே படையல் செய்தவர். ஆசிரியர்மேல் அத்துணை மதிப்புடையவர் கற்பித்த வகுப்பில் சசூரின் பழைய நூல் மறக்கப்படவில்லை.

1927இல் கிராக்கூவ் நகரில் யான் உரோசுவதோவ்சுகி என்னும் போலந்துப் பேராசிரியர்க்குச் சிறப்பு மலர் ஒன்று வெளியிடப்பெற்றது. அதில் குரிவோவிச்சு பிரெஞ்சு மொழியில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சசூர் எவ்வெவ்விடத்தில் ஓர் ஒலி இருந்து மறைந்தது என்றாரோ, அவ்விடங்களில் இட்டைட்டு மொழியின் அவ்வுரசொலி நிற்கின்றது! கட்டுரையின் சாறம் அவ்வளவே.

எடுத்துக்காட்டுச் சில காண்போம். அவ்வுரசொலியை ஈண்டு ‘ஃக’ எனக் குறிக்கலாம். இலத்தீனில் மேய்த்துக் காத்தலைக் குறிக்கும் சொல்லின் முதனிலை ‘பா’ என நெடிலாய் நிற்கும். இட்டைட்டில் காத்தலைக் குறிக்கும் சொல் ‘பஃக்சு’. புதுக்குதல் இலத்தீனில் ‘நொவா’ என நெடிலில் முடியும், இட்டைட்டில் ‘நெவஃக’. அகப்பையும் ஆப்பையும் ஒருங்கே கிடைத்தது போன்றது இது. சொன்முதலிலும் அவ்வாறே: எலும்பு வடமொழியில் ‘அசுதி’, கிரேக்கத்தில் ‘ஒசுதெயோன்’, இட்டைட்டில் ‘ஃகசுதாய்’. முன் என்னும் பொருளில் இலத்தீன் ‘அந்தெ’, கிரேக்கம் ‘அந்தி’, இட்டைட்டில் ‘ஃகந்த்’. ஏனைய மொழிகள் இழந்ததை மண்ணுள் மூவாயிரம் ஆண்டு கிடந்த மொழி காத்து வைத்திருந்தது.

அதே ஆண்டில் வார்சா இதழொன்றில் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை, இம்மறைந்த ஒலிகள் வடமொழியிலும் அதற்கு உறவான ஈரானிய மொழிகளிலும் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்ந்தது. இருக்கு வேதப் பாட்டுகளில் காற்றைக் குறிக்கும் ‘வாத’ என்னும் சொல்லின் ஆகாரத்தைச் சிலவிடங்களில் இரண்டு அகரமாகப் பிரித்து எண்ணினால்தான் யாப்பு நிரம்பும். இரண்டு அகரத்திற்கும் இடையே முன்னொருகால் ஓர் ஒலி இருந்தது என்றால் அப்புதிர் அவிழ்கின்றது. வடமொழியே எல்லாவற்றிற்கும் மூத்தது, அதனிற் குறைவொன்றுமில்லை என்பார், அம்மொழி தானே இழந்து மறந்துவிட்ட ஒலிகளை அயலார் எடுத்துக்காட்டிய இச்செய்தியைப் பொறுமையோடு படித்தல் நன்று.

மெய்யே தம் மாணாக்கரின் இம்முடிவை உடனே தழுவிக்கொண்டாரல்லர். ஆசிரியர் தயங்கினும் வகுப்பறை தயங்கவில்லை. அவரிடமே பயின்ற எமீல் பென்வெனிசுத்து அவ்வழியைப் பற்றிக்கொண்டார். 1935இல் பாரிசிலிருந்து பென்வெனிசுத்தின் நூலும், கிராக்கூவிலிருந்து குரிவோவிச்சின் நூலும் ஒரே ஆண்டில் வெளிவந்தன, இரண்டும் பிரெஞ்சில். குரிவோவிச்சு அத்தகு ஒலிகள் நான்கு என்றார். பென்வெனிசுத்து மூன்றைக் கொண்டு முதுமொழி வேர்ச்சொல்லின் அமைப்பையே வரையறுத்துக் காட்டினார். பின்வந்தோர் பெரும்பாலும் மூன்றென்றே கொண்டனர். மெய்யேயிடம் பயின்ற இன்னொருவர் ழூல் பிளாக்கு. அவரே 1946இல் திரவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றிப் பிரெஞ்சில் நூல் எழுதியவர். அவ்வகையில் அப்பாரிசு வகுப்பறையின் சாளரம் ஒன்று தமிழை நோக்கியும் திறந்திருந்தது.

ஒன்று கருதத்தக்கது. போலந்து அறிஞர் உலகறியப் பிரெஞ்சில் எழுதினர். அதற்காகத் தாய்மொழியைக் கைவிட்டாரல்லர். பிரெஞ்சுக் கட்டுரை வெளிவந்த மலருக்குரிய உரோசுவதோவ்சுகி யார்? நாடு இன்னும் விடுதலை பெறாத 1913இலேயே, கிராக்கூவில் ‘போலந்து மொழி’ என்னும் பெயரால் ஓர் இதழைத் தோழர் இருவரொடு தொடங்கிப் போலந்து மொழியின் வரலாற்றையும் வழக்கையும் தம் மக்களுக்குத் தம் மொழியிலேயே எழுதியவர். போதுவானும் அத்தகையரே. சிறுபான்மை மொழியினரின் உரிமைக்கு வழக்காடும் சிறுநூலொன்றை 1913இல் வெளியிட்டமைக்காக உருசிய அரசு அவரைச் சிறையிட்டது. விடுதலை பெற்ற போலந்தில் 1922இல் சிறுபான்மையினர் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தினர், தோற்றார். தம் மொழி ஒடுக்கப்பட்டதை மறவாதவர், பிறர் மொழியைத் தம்மவர் ஒடுக்கவும் உடன்படவில்லை.

பின் போர் வந்தது. 1939 நவம்பர் 6ஆம் நாள் செருமானியர் கிராக்கூவ் பல்கலைக்கழகத்தாரை ஒரு கூட்டத்திற்கெனத் திரட்டி, ஆசிரியர் நூற்றெண்பதின்மர்க்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தனர். பெரும்பாலோர் சாக்சன்கௌசன் வதைமுகாமிற்கு அனுப்பப்பட்டனர். துணைவேந்தராய் இருந்த மொழிநூலறிஞர் இலேர்-சிபுவாவிஞ்சுகியும், ‘போலந்து மொழி’ இதழைத் தொடங்கியவருள் ஒருவரான நித்சும் அவருள் இருந்தனர். பாரிசில் யூதராகிய பென்வெனிசுத்து 1940இல் போர்ச்சிறைப்பட்டுத் தப்பிச் சுவிட்சர்லாந்து சேர்ந்து, ஆங்கொரு நூலகத்தில் பணியாற்றி உயிர்காத்தார். போரின் முடிவில் இலிவோவ் போலந்தினின்று பிரிக்கப்படவே, குரிவோவிச்சு மேற்கே வந்து, 1948 முதல் கிராக்கூவில் பேராசிரியராய் அமர்ந்தார். 1952இலும் 1956இலும் அவர் வெளியிட்ட பெருநூல்கள் போலந்திலேயே அச்சிடப்பெற்றன. அவையும் பிரெஞ்சிலேயே எழுதப்பெற்றவை. தம் பழைய கருத்துகள் சிலவற்றை அவரே அவற்றில் திருத்திக்கொண்டார்.

பென்வெனிசுத்து 1976இலும், குரிவோவிச்சு 1978இலும் மறைந்தனர். அம்மூன்று ஒலிகளையும் வாயால் எவ்வாறு ஒலித்தனர் என்பது பற்றி அறிஞரிடை இன்றும் வழக்குண்டு. அவை இருந்தன என்பதில் இன்று வழக்குரைப்பார் மிகச் சிலரே.