ஊட்டலும் புகட்டலும்
(நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து விருந்துகளில் இலை போட்டவுடன், தாய்மார் சிலர் தம் குழந்தையை எடுத்துக்கொண்டு பின்கட்டிற்குச் செல்வதை யாம் பலகாற் கண்டுள்ளோம். குழந்தை உண்ண மறுக்கும். சுற்றத்தார் தாயின் வளர்ப்பைப் பழிப்பர். அதற்கு அஞ்சியே அவர் ஒதுங்குகின்றனர். இப்பழி தகுமா என்பதே இன்று நாம் ஆராயத்தக்கது.

குறைபாடு யாதுமில்லாக் குழந்தைகளுள்ளும் நூற்றுக்கு 25 முதல் 45 வரையினர்க்கு உண்பதில் ஏதேனுமொரு தொல்லை உண்டென்றும், வளர்ச்சிக் குறைபாடுடையாருள் அது 80 வரை செல்லுமென்றும் மருத்துவ நூலார் கணிப்பர். ஆகவே இஃது ஒரு வீட்டுக் குறையன்று.

முன்னவர்க்குக் காரணம் பெரும்பாலும் எளிது. 3 கிலோ எடையுடன் பிறந்த மகவு ஓராண்டில் ஏறத்தாழ 9 கிலோ ஆகின்றது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, இரண்டரைக் கிலோவே ஏறும். வளர்ச்சி தணியவே பசியும் தணிகின்றது. அதனை நோயென மயங்கி வற்புறுத்தினால், குழந்தை உணவையே பகையெனக் கொள்ளும். எதனை, எப்பொழுது அளிப்பது என்பது பெற்றோர் கடன். எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை.

பின்னவர் நிலை வேறு. மூளைவாதமுற்ற குழந்தைக்கு நாவும் தொண்டையும் ஏவல்வழி நில்லா. டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தைக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். ஆட்டிசம் உடைய குழந்தைக்குச் சோற்றின் குழைவோ மணமோ பொறுக்கவொண்ணாததாகலாம். இவை பிடிவாதமல்ல.

ஈண்டு ஒன்றை வலியுறுத்திக் கூறுவோம். குழந்தையைக் காலிற் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கினாற் கஞ்சி புகட்டும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது. விழுங்கமாட்டாத குழந்தைக்கு அக்கஞ்சி மூச்சுக்குழல் வழியே நுரையீரலிற் புகும், நிமோனியா விளையும், உயிர்க்கும் ஏதமாம். ஆதலின், குழந்தையை நிமிர்த்தி அமர்த்தி, தலை பின்னே சாயாது தாங்கி, சிறு கரண்டியால், முன்னதை விழுங்கியபின் அடுத்ததைத் தருக. உண்ணும்பொழுது இருமலோ குரலிற் களகளப்போ தோன்றினும், எடை ஏறாது நிற்பினும், காலந் தாழ்த்தாது குழந்தை மருத்துவரிடம் காட்டுக. விழுங்குதற்குப் பயிற்சி அளிப்போரும் உளர்.

ஊட்டுதலாவது, குழந்தை வாய் திறக்கும்வரை காத்திருப்பது; புகட்டுதலாவது, காத்திராதது. அடுத்த விருந்தில் அத்தாய்மார் பந்தியிலேயே அமரட்டும். அவர்க்கு வேண்டும் நேரத்தை நாம் அளிப்போம். வேண்டாத அறிவுரையை நிறுத்துவோம்.