மோட்டாரும் தலைவிதியும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் பெரிய சாஸ்திர விஷயமோ தத்துவ விஷயமோ அல்ல. சைக்கிளிலிருந்து கீழே விழுந்த விஷயமேயாகும். “இதையும் ஒரு பிரசங்கமாக்க வேண்டுமா?” என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். மோட்ச லோகத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினால் பொறுமையாய்க் கேட்கிறவர்கள், தங்கள் வீட்டு வாசல் தெருவைப் பற்றி அரை மணி நேரம் கேட்டால் ஒன்றும் முழுகிப் போய்விடாது.

மூன்று மாதத்திற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு நாம் சைக்கிளில் புறப்பட்டோம். வீட்டிலிருந்து எண்பது கஜ தூரங்கூடப் போயிருக்கமாட்டோம். தெருவின் இடது ஓரமாய்ப் போய்க் கொண்டிருக்கையில், குறுக்குச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமலும், ஹாரன் கூடக் கொடுக்காமலும் நேரே வெளியே வந்து நமது சைக்கிளின் பின் சக்கரத்தில் மோதியது. நாம் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாய் விழுந்தோம். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருக்க நேர்ந்தது. ஓட்டி வந்த வாலிபர் கையில் செல்போன் இருந்ததை நாமும் பார்த்தோம். எதிர் டீக்கடையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

இதுவரையில் சங்கதி சாதாரணமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு நமது காதில் விழுந்தவைகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பெரியவர், “திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலமாயிற்றே, இப்போது கிளம்பலாமா?” என்றார். இன்னொருவர், “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக் கொள்ளுங்கள்” என்றார். இடித்த வாலிபரோ, “என்ன செய்கிறது ஐயா, நம்ம இரண்டு பேருக்கும் நேரம் சரியில்லை” என்றார். நமது நேரத்தையும் தமது நேரத்தையும் அவர் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டதுதான் வேடிக்கை! எலும்பு முறிந்தது ஒருவருக்கு. நேரம் சரியில்லாதது மாத்திரம் இருவருக்குமாம். அவ்வளவு பேரிலும் வேளை நாள் பாராமல் காரியத்தைப் பார்த்தவர் ஓர் ஆட்டோக்காரத் தோழர்தான். அவர் ஒன்றும் பேசாமல் நம்மைத் தூக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார், கூலியும் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வாலிபரின் தகப்பனார் வீட்டுக்கு வந்தார். “பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கோயிலில் காணிக்கை செலுத்தி விட்டோம். போலீசு வேண்டாம், ஏதோ வாங்கிக் கொண்டு விட்டுவிடுங்கள். எல்லாம் விதிதானே” என்றார். தோழர்களே! முறிந்தது நமது கை. காணிக்கை போனது உண்டியலுக்கு. பழி போனது விதிக்கு. ஓட்டினவருக்குப் போனது ஒன்றுமில்லை. நாம் அவரை மரியாதையாய் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, “புகார் கொடுத்தாயிற்று, அதைத் திருப்பிக் கொள்ளுவதாயில்லை” என்று சொல்லி அனுப்பினோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதற்குக் காரணம் சொல்லவே இன்று இங்கு நிற்கிறோம்.

ராகு காலத்தின் யோக்கியதை

முதலில் ராகு காலத்தைப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை ஏழரை மணி முதல் ஒன்பது வரைக்கும் நாட்டிலே வெளியில் கிளம்பாதவர் யார்? பள்ளிப் பிள்ளைகள், மில் தொழிலாளிகள், ஆபீசுக்காரர்கள், பால்காரர், காய்கறிக்காரர் எல்லோரும் அந்த நேரத்தில் தெருவில்தான் இருக்கிறார்கள். ராகுவே தள்ளுகிறதென்றால் எல்லோருமல்லவா விழவேண்டும்?

சரி, கணக்கைப் பார்ப்போம். நாட்காட்டிகளில் அச்சிட்டிருக்கும் ராகு காலம் ஏழு நாளில் எந்த நாளிலும் மாலை ஆறு மணிக்கு மேல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை இருப்பதே கடைசி. ஆனால் இந்தியாவில் சாலை விபத்துக்கள் எந்த நேரத்தில் அதிகம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தார் வெளியிட்டிருக்கும் 2022-ம் வருஷத்துக் கணக்கைப் பார்த்தால், மாலை 6 மணி முதல் 9 மணி வரையில்தான் மற்ற வேளைகளைக் காட்டிலும் அதிகம் என்று இருக்கிறது. அதாவது ராகு தன் வேலையை முடித்துக் கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் ஜனங்கள் அதிகமாய் அடிபடுகிறார்கள்! காரணம் ஒன்றும் அதிசயமல்ல. இருட்டு, களைப்பு, கூட்டம், அவசரம் ஆகியவைகளே யாகும்.

கணக்கு சொல்வது என்ன?

அதே 2022-ல் இந்த நாட்டில் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு நானூற்று அறுபது பேருக்கு மேலாகிறது. நமது தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர்; ஒரு நாளைக்கு நாற்பத்தொன்பது பேர். செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அதிக வேகத்தினால் செத்ததாக அதே கணக்குச் சொல்லுகிறது. ஊரில் காலராவால் ஒரே நாளில் நாற்பத்தொன்பது பேர் செத்தால் சும்மா இருப்போமா? தண்ணீர்க் குழாயைச் சோதிக்கவில்லையா, டாக்டரைக் கூப்பிடவில்லையா? சாலையில் செத்தால் மாத்திரம் ஏன் “எழுத்து” என்று விட்டுவிடுகிறோம்?

வேகம் என்பது மந்திரமல்ல, அது கணக்கு. மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் போகிறது. ஓட்டுகிறவன் இரண்டு விநாடி செல்போனைப் பார்த்தானானால் 22 மீட்டர் தூரம் அந்தக் கார் குருட்டுக் காராகவே போகிறது. அந்த 22 மீட்டருக்குள் ஒரு குழந்தை வந்தால் கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழமா பிரேக்கை அழுத்தும்? மேலும், வேகம் இரண்டு பங்கானால் மோதும் சக்தி நாலு பங்காகிறது. 30-ல் பிழைக்கக் கூடியவன் 60-ல் சாகிறான் என்றால், அந்த வித்தியாசத்தை எழுதியது பிரம்மா அல்ல. ஆக்சிலேட்டரில் இருக்கும் காலேயாகும்.

மற்றொரு கேள்வியும் உண்டு. எல்லாம் விதி என்று சொல்லுகிறவர்கள் காருக்குப் பிரேக் ஏன் வைத்திருக்கிறார்கள்? இன்ஷூரன்சு ஏன் கட்டுகிறார்கள்? தங்கள் கார் மீது லாரிக்காரன் இடித்தால் மாத்திரம் விதியை மறந்துவிட்டு நஷ்ட ஈடு ஏன் கேட்கிறார்கள்? ஆகவே விதி என்பது அடிபட்டவனைச் சமாதானப்படுத்துவதற்காக அடித்தவன் சொல்லும் வார்த்தையே தவிர வேறில்லை.

விதியை மாற்றிய தாய்மார்கள்

மோட்டார் வந்த நாள் முதலே இந்தச் சங்கதி இருந்து வருகிறது. 1896-ம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்தில் ஒரு மோட்டார் வண்டி, சைக்கிளில் சென்ற ஒருவரை இடித்துக் காலை முறித்தது. அந்நாட்டில் மோட்டாரால் அடிபட்ட முதல் மனிதரென்று சொல்லப்படுகிறவர் ஒரு சைக்கிள்காரரே! அதே வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி லண்டனில் பிரிட்ஜட் டிரிஸ்கால் என்ற அம்மாளை மோட்டார் இடித்துக் கொன்றது. விசாரித்த ஜூரிகள் “தற்செயல்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தற்செயல் வளர்ந்து, இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-ம் வருஷத்தில் 11 லட்சத்து 90 ஆயிரம் உயிர்களை வாங்கியிருக்கிறது.

ஆனால் இதைத் தற்செயல் என்று ஒப்புக் கொள்ளாத ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நெதர்லாந்து தேசத்தில் 1971-ம் வருஷத்தில் 3,000 பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள். அதில் குழந்தைகள் மாத்திரம் 400-க்கு மேல். அங்குள்ள தாய் தகப்பன்மார்கள் சாந்தி பூஜை செய்யவில்லை. “குழந்தைக் கொலையை நிறுத்து” என்று பெயர் வைத்துக் கொண்டு தெருவில் இறங்கினார்கள். வீதிகளை மறித்தார்கள். சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடு, குடியிருப்புத் தெருவில் வேகத்தைக் குறை என்று சர்க்காரை விடாமல் கேட்டார்கள். சர்க்காரும் செய்யலாயிற்று. 2023-ல் அங்கு சாலையில் செத்தவர்கள் 684 பேர். இத்தனைக்கும் 1971-ல் இருந்ததைவிட இப்போது அங்கே கார்கள் மிக அதிகம். அப்படியானால் பிரம்மா அந்தத் தாய்மார்களுக்குப் பயந்து எழுத்தை அழித்து எழுதினாரா? அல்லது எழுத்து என்பதே இல்லையா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தெரு யாருடையது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “சைக்கிள்காரர்களும் ஒழுங்காய்ப் போவதில்லையே” என்று சிலர் சொல்லுவார்கள். வாஸ்தவம். இரவில் விளக்கில்லாமலும், எதிர்ப்பக்கமாகவும் போகிறவர்கள் உண்டு. அதுவும் திருந்த வேண்டியதுதான். ஆனால் சைக்கிள் இருபது கிலோ. காரோ ஆயிரம் கிலோவுக்கு மேல். சைக்கிள்காரன் தப்புச் செய்தால் பெரும்பாலும் அவனே சாகிறான். கார்க்காரன் தப்புச் செய்தால் அடுத்தவன் சாகிறான். ஆகையால் எவனுக்குப் பலம் அதிகமோ அவனுக்கே ஜாக்கிரதையும் அதிகம் வேண்டும் என்பதுதான் நியாயம். நமது நாட்டிலோ ஹாரன் அடித்தவுடன் சின்னவன் ஒதுங்க வேண்டும் என்பது வழக்கமாயிருக்கிறது. இன்னார் வந்தால் இன்னார் தெருவை விட்டு விலக வேண்டும் என்ற பழைய வழக்கம் இப்போது மோட்டாரில் ஏறிக் கொண்டு வருகிறதென்றே சொல்லுவோம்.

சைக்கிளில் போகிறவர்கள் யார்? கொத்தனார், பூக்காரர், காவற்காரர், சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பதினொன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக் கொண்டு வெளியுலகத்தைப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட பெண்ணை ஒரு நாள் ஒருவன் தள்ளிவிட்டு “விதி” என்று சொல்லிப் போனால், மறுநாள் அவள் வீட்டார் என்ன சொல்லுவார்கள்? “உனக்குச் சைக்கிளும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்” என்பார்கள். நாம் அன்று புகாரைத் திருப்பிக் கொள்ளாததற்கு இதுதான் காரணம். நமது மணிக்கட்டு கூடிவிடும். அந்தப் பெண்ணின் படிப்பு நின்றால் கூடாது.

செய்ய வேண்டியது

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தெரிந்து கொள்ளாததுதான் குறை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவுப்படி, இடித்தவன் வண்டியை நிறுத்தி அடிபட்டவருக்கு வைத்தியத்திற்கு வழி செய்ய வேண்டும். 24 மணி நேரத்திற்குள் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். ஓட்டும்போது கையில் செல்போன் வைத்திருப்பதை 2019-ம் வருஷத்துத் திருத்தம் அபாயகரமாய் ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. நஷ்ட ஈட்டுக்கு விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்திற்குள் மனுப் போட வேண்டும். இடித்தவன் யாரென்று தெரியாமல் ஓடிவிட்டாலுங்கூட, செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும், பலத்த காயமடைந்தவருக்கு 50 ஆயிரமும் 2022 ஏப்ரல் முதல் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஏற்பட்ட திட்டப்படி முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். அடிபட்டவரைத் தூக்கிக் கொண்டு போகிறவரை, பேரைச் சொல் என்றோ, சாட்சிக்கு வா என்றோ கட்டாயப்படுத்தக் கூடாதென்றும் சட்டம் இருக்கிறது. ஆகவே பயந்து கொண்டு ஒதுங்கி நிற்காதீர்கள்.

தோழர்களே! யாராவது தெருவில் விழுந்தால் முதலில் தூக்குங்கள். வண்டி நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். தெருவிலேயே ராஜி பேசாதீர்கள். குறுக்குச் சந்துகளில் வேகத்தடையும் விளக்கும் போடும்படி பஞ்சாயத்தாரையும் நகரசபையாரையும் விடாமல் கேளுங்கள். புது வண்டி வாங்குகிறவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்கு முன் பிரேக்கைச் சோதிக்கட்டும். யாராவது “நேரம் சரியில்லை” என்று சொன்னால், “நேரம் சரியாகத்தான் இருந்தது, ஓட்டினதுதான் சரியில்லை” என்று தைரியமாய்ச் சொல்லுங்கள்.