எழுதித் தராத பேச்சு

(ஆவூரில் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்பு பேசிய தங்கை பாதியில் வரி மறந்து நின்றுவிட்டார். ஆசிரியர் கீழேயிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்ததும் மறுபடி வேகம் பிடித்து முடித்தார். தங்கச்சி, மறந்ததற்காக வருத்தப்படாதே. நீ மறந்தது இன்னொருவர் உனக்கு எழுதிக் கொடுத்த வரியைத்தான். உனக்கு நடந்ததைப் பேசியிருந்தால் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

பாஸ்கா நடக்கிற ஊர் இது. மேடை உங்களுக்குப் புதிதல்ல. நாடகத்தில் வசனத்தை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஆனால் நம் பள்ளிகளில் பேச்சுப்போட்டியும் நாடகமாகத்தான் நடக்கிறது. பேச்சை எழுதித் தருகிறார்கள், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறார்கள்.

நானும் அப்படிப் பேசியவன்தான். எட்டாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று தலைப்பு. ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்தார்கள். அதில் கண்மாய் இருந்தது, கோயில் இருந்தது, தேர் இருந்தது, எல்லோரும் ஒருதாய் மக்களாக வாழ்வதும் இருந்தது. இரண்டாம் பரிசாக எவர்சில்வர் தட்டு வாங்கினேன். வீட்டில் அம்மாவிடம் முழுவதையும் பேசிக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அம்மா, "அதுல நம்ம தெரு எங்கப்பா?" என்றார்.

தேர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. கண்மாயில் எங்களுக்குத் தனித் துறை. இதைப் பேசியிருந்தால் பரிசு கிடைத்திருக்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இதையெல்லாம் மேடையில் பேசலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதின்மூன்று வயதுக்குள் எதைச் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லித் தராமலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருவன் கதை அல்ல. இரட்டைமலை சீனிவாசன் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களை எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்கள் படித்த இடம். ஏறக்குறைய அனைவருமே பிராமணர்கள். யாருடனாவது பழகினால் ஊர், குடும்பம், சாதி என்று விசாரிப்பார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் யார் கண்ணிலும் படாமல் விரைந்து வீட்டுக்கு நடப்பார். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அண்ணல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களுக்காகப் பேசினார். அவருக்குப் பேச வராமல் இல்லை. வாயைத் திறந்தால் சாதியைக் கேட்பார்கள் என்று அவரைப் பயப்பட வைத்த இடமாகப் பள்ளி இருந்தது.

வேறு மாதிரிப் பள்ளியும் இந்த நாட்டில் இருந்திருக்கிறது. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனேயில் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்ற மாங் சமூகச் சிறுமி படித்தாள். 1855இல், 14 வயதில், மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளியானது. வேதம் எங்களுக்கு உரியதல்ல என்றால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்டாள். பள்ளிக்கு வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்த பிள்ளை இப்படிக் கேட்டிருக்கிறாள். அவளிடம் கேள்வி ஏற்கெனவே இருந்தது. அதைச் சொல்லலாம் என்ற தைரியத்தைப் பள்ளி தந்தது.

இன்று தமிழ் வளர்ச்சித் துறை அம்பேத்கர், பெரியார் பிறந்தநாட்களை ஒட்டி மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி நடத்துகிறது. நல்ல காரியம். அதில் எத்தனையோ பிள்ளைகள் அம்பேத்கர் பள்ளியில் சாக்குத் துணியில் உட்கார்ந்து படித்ததை உருக்கமாகப் பேசுகிறார்கள். பேசிவிட்டு வகுப்புக்குத் திரும்புகிற அந்தப் பிள்ளையிடம், உன் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

'நீரின்றி அமையாது உலகு' என்பது போட்டிகளுக்கு நமக்குப் பழகிப்போன தலைப்பு. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று இந்தத் தலைப்பில் மேடையேறினால் மழையைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும்தான் பேச வேண்டுமா? அது தன் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசினால் நடுவர் நாற்காலியில் இருப்பவர் என்ன மதிப்பெண் போடுவார்?

தோழர்களே, பிள்ளைகளைப் பார்த்து "மனதில் பட்டதைத் தைரியமாகப் பேசு" என்று சொல்வது எளிது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தனக்கு நடந்த கொடுமையை அவன் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது அது. ஆகவே பேசச் சொல்வதற்கு முன்னால், பேசிய பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதை நாம் முடிவுசெய்ய வேண்டும்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்து அறிவிக்காமல் தலைமையாசிரியர் தனியாகச் சொல்ல வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றுக்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டு. எஸ்.சி. பசங்க எந்திரிங்க என்று எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளை, மறுநாள் அதே வகுப்பில் எப்படி வாய் திறக்கும்?

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நன்றாகப் பேசுகிற நாலு பேரையே ஒவ்வொரு முறையும் மேடையேற்றாதீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி அகர வரிசைப்படி எல்லோரையும் இரண்டிரண்டு நிமிடம் பேச விடுங்கள். தலைப்பை அவர்களே சொல்லட்டும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசட்டும். உச்சரிப்பைப் பாதியில் திருத்தாதீர்கள். தன் சாதியை, தன் காயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். மாட்டைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. ஒரு பிள்ளை கொடுமையைச் சொல்லிவிட்டால் கைதட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடாதீர்கள். அன்றே அதில் நடவடிக்கை தொடங்க வேண்டும்.

ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைகளும் பேச வேண்டும். யாருடன் சேரக் கூடாது என்று வீட்டில் சொல்லித் தருகிறார்கள், கையில் கயிறு எதற்குக் கட்டினார்கள் என்று அவர்களும் யோசித்துச் சொல்லட்டும். சாதியைப் பற்றிப் பேசும் வேலை எப்போதும் அடிபட்டவர்களுடையதாகவே இருக்க முடியாது.

தங்கச்சி, நிகழ்ச்சி முடிய இன்னும் நேரம் இருக்கிறது. விருப்பம் இருந்தால் மறுபடி மேடைக்கு வா. தாள் வேண்டாம். இரண்டு நிமிடமோ இரண்டு வரியோ, உனக்குத் தோன்றுவதைப் பேசு. இப்போது வேண்டாம் என்றால் அதுவும் சரிதான். என் நேரத்தை உனக்கு விட்டுவிட்டு, நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.