சமூகக் கல்வியும் நம் பிள்ளைகளும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சற்று முன் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குக் கைத்தட்டல் கொட்டகையே அதிரும்படி இருந்தது. வரலாற்றுக்குப் பரிசு வாங்கிய பிள்ளை மேடை ஏறியபோது அது கொஞ்சம் அடங்கிப் போனது. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

"சார், சரித்திரம் படிச்சா சோறு போடுமா?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வெயிலில் குலை வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைப்பவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சமூக அறிவியல் என்றதும் பெரிய சமாச்சாரம் என்று பயந்துவிட வேண்டாம். மனிதர் எங்கிருந்து வந்தார்கள், எப்படிக் கூடி வாழ்கிறார்கள், எதைச் சம்பாதித்து எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஆராய்வதுதான் அது. வரலாறு, புவியியல், பொருளியல், சமூகவியல், உளவியல் எல்லாம் அந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

நம் நாட்டில் உங்கு அசிஸ் என்றொரு பொருளியல் பேராசிரியர் இருந்தார். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து, 2020இல் காலமானார். கிராமத்து ஏழ்மையை எப்படி அளப்பது என்று யோசித்தார். "உன் சம்பளம் என்ன?" என்று கேட்டால் ஏழை சரியாகச் சொல்வானா? விளைந்தால் காசு, இல்லாவிட்டால் கடன். ஆகவே வீட்டில் எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். அதை ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எத்தனை கைலி என்று வரும். அதுதான் அந்தக் குடும்பத்தின் நிலைமை. கட்டுவதும் கைலி, போர்த்துவதும் கைலி, பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதும் கைலி அல்லவா? நம் வீட்டுக் கொடியில் தொங்குவதைப் பார்த்தே ஒருவர் பொருளாதாரம் சொல்லியிருக்கிறார்! ஹஜ் யாத்திரைக்காக ஏழைகள் நிலத்தையும் மாட்டையும் விற்றுத் திண்டாடுவதைக் கண்டு, 1959இல் அவர் எழுதிக் கொடுத்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் தாபுங் ஹாஜி.

நம்மைப் பற்றியும் எண்ணி எழுதியவர்கள் உண்டு. கெர்னியல் சிங் சந்து 1969இலும், வரலாற்றுப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் மலேசிய இந்தியரைப் பற்றித் தனித்தனியே பெரிய நூல்கள் வெளியிட்டார்கள். அவர்களைப் போன்றவர்கள் பழைய ஏடுகளைப் புரட்டாவிட்டால், கங்காணி மூலம் ஆள் சேர்த்தது எப்படி, 1938இல் அது நின்றது ஏன் என்று நமக்கு யார் சொல்வார்? பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டப் பள்ளிகள் வெறும் கருணையால் முளைத்தவை அல்ல. (நிர்வாகத்தினர் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

சரி, சோற்றுக்கு வருவோம். தொழிலாளர் இலாகா அதிகாரி, சமூக நல இலாகா அதிகாரி, பள்ளி ஆலோசக ஆசிரியர், நகரத் திட்ட அதிகாரி, பத்திரிகையாளர், ஆவணக் காப்பகத்திலும் அரும்பொருளகத்திலும் வேலை செய்பவர்கள் எல்லாரும் இந்தப் படிப்பின் வழியே வரலாம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் புள்ளி விவர இலாகா இருக்கிறது. 1991, 2000, 2010, 2020 என்று நாட்டில் குடிமதிப்பு எடுத்தார்கள். எண்ண வருகிறவரைப் பார்த்து "வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல" என்று கதவைச் சாத்துகிறோமே, பிறகு நம் லயத்திற்கு ரோடு வரவில்லை, கிளினிக் வரவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது?

படிவம் ஆறில் வரலாறு, புவியியல், பொருளியல் எடுக்கலாம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிய மறுநாளே எந்த இலாகாவும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்காது. மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். அதை இப்போதே பழக்க வேண்டும். இன்னொன்று, வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013இலிருந்து அப்படித்தான். ஆகவே "அது மனப்பாடப் பாடம்தானே" என்று தள்ளிவிட முடியாது.

பெற்றோர்களே, இதற்கு டியூஷன் காசு வேண்டாம். வாய் திறந்து பேசினால் போதும். ரஜூலா கப்பலில் வந்த கதையும், பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்து நோய் பார்த்த கதையும் நம் பெரியவர்களிடம் இருக்கின்றன. அந்தக் கப்பல் 1973இல் ஓட்டத்தை நிறுத்தியது. அதில் வந்தவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. தோட்டம் கைமாறினால் லயத்துச் சனம் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடும். பிறகு யாரைத் தேடிப் பிடித்துக் கேட்பது? பழைய சம்பளச் சீட்டு, சிவப்பு அடையாளக் கார்டு, கப்பல் டிக்கெட் எது இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த வருடம் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்களும், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து வரைந்த வரைபடமும் அவர்கள் வகுப்பறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேநீர் அருந்திய பின் அவசியம் பாருங்கள். ஊர்ப் பெயரோ, ஆள் பெயரோ, வருடமோ தவறாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பென்சிலும் அங்கேயே வைத்திருக்கிறோம்.